நைரோபிக் குழாயில் வருவது எந்த ஆற்றுத் தண்ணீர்?

தம்பி, நைரோபியில் நீங்கள் பார்த்திருக்கும் வீட்டில் வாரத்துக்கு இரண்டு நாள்தான் குழாய்த் தண்ணீர் வரும் என்கிறார்களாமே. ஊருக்குள்ளேயே ஆறு ஓடுகிறது, மழையும் பெய்கிறது, பிறகு ஏன் இப்படி என்று கேட்டிருந்தீர்கள்.

ஊருக்குள் ஓடும் நைரோபி ஆற்றில் சாக்கடைதான் அதிகம். அது ஆத்தி ஆற்றில் சேர்ந்து மாலிந்தி பக்கம் கடலுக்குப் போய்விடும். நாம் குடிப்பது ‘தானா’ என்ற வேறொரு ஆற்றுக்குப் போகவேண்டிய தண்ணீர். அபர்டேர் மலையிலிருந்தும் கென்யா மலையிலிருந்தும் இறங்கி, சுமார் 1,000 கி.மீ. ஓடும் ஆறு அது. அதன் கிளையாறான திக்காவின் குறுக்கே, 1994-ல் கட்டி முடித்த அணை இருக்கிறது. கொள்ளளவு 7 கோடி கன மீட்டர், நம் கணக்கில் கிட்டத்தட்ட இரண்டரை டி.எம்.சி. நகரக் குடிநீரில் பெரும்பங்கு அங்கிருந்துதான் வருகிறது. அதனால் உங்கள் தெருவில் எவ்வளவு கொட்டினாலும் சரி, மார்ச் முதல் மே வரை அபர்டேரில் மழை பொய்த்தால் கஷ்டம்தான். அணை நிரம்பினாலும் முறைவைத்துத்தான் விடுகிறார்கள். 2019 கணக்கெடுப்பிலேயே இங்கே 44 லட்சம் பேர்.

நமக்குக் கொடுத்தது போக, தானாவுக்கு இன்னும் எத்தனையோ வேலை. ம்வேயா நெல்வயல்களுக்கு அதன் கிளையாறுகள்தான் பாய்கின்றன. எம்பு சாலையில் போனால் ஓரமாக பிஷோரி அரிசி மூட்டைகள் அடுக்கியிருக்கும். வாங்கிப் பாருங்கள், வடிக்கும்போதே வீடு மணக்கும். கீழே மசிங்கா முதல் கியம்பெரே வரை வரிசையாக ஐந்து அணைகள், மின்சாரத்துக்கு. அதற்கும் கீழே காரிசா பக்கம் வறண்ட பூமி. அங்கே விவசாயம் செய்யும் பொகோமோ மக்களுக்கும் மாடு மேய்க்கும் ஒர்மா மக்களுக்கும் இந்த ஒரே ஆறுதான். நிலத்துக்கும் தண்ணீருக்குமாக 2012-ல் மூண்ட சண்டையில் நூறு பேருக்கு மேல் செத்தார்கள். 2024-ல் மேலணைகள் நிரம்பி வழிந்தபோது காரிசாவில் வீடுகள் மூழ்கின. தலைநகரில் இருப்பவர்கள் இதையெல்லாம் யோசிக்காமல் குழாயைத் திறந்து விடுவது எனக்குப் பொறுக்காது.

சரி, வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். முன்பணம் கொடுக்கும் முன், தொட்டி எத்தனை லிட்டர், எத்தனை வீட்டுக்குப் பொது என்று கேளுங்கள். போர்வெல் இருக்கிறது என்று சொன்னால் உடனே மகிழ்ந்துவிடாதீர்கள். இங்கே நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். குழந்தைகளின் பல்லில் பழுப்புக் கோடு விழும். கொதிக்கவைத்தாலும் அது போகாது. குளிக்க, துவைக்க வைத்துக்கொள்ளுங்கள். குடிக்கவும் சமைக்கவும் குழாய்த் தண்ணீரைப் பிடித்துக் காய்ச்சுங்கள், அல்லது ஆர்.ஓ. போடுங்கள்.