வசூல் ஆள் வரும் ஆறு மணி

கேள்வி (2021, கொரோனா இரண்டாம் அலைக்குப் பின் கடை திறந்த நேரத்தில் வந்தது): "வணக்கமுங்க. அவிநாசியில சலூன் வெச்சிருக்கேனுங்க. வயசு 38. மூணு சேர். கூட ஒரு பையன் இருக்கான், அவன் வெட்டுற காசுல அவனுக்குப் பாதி. கடை வாடகை 9,000, அட்வான்ஸ் 60,000 குடுத்திருக்கேன். 2019-ல முத்ரா லோன் 3 லட்சம் வாங்கினேன், மாசம் 6,500. ஏப்ரல் வரைக்கும் கட்டிட்டேன், மே, ஜூன் கட்டலீங்க. இன்னும் 2,40,000 பாக்கி. டெய்லி பைனான்ஸ் ரெண்டு ஓடுது. 30,000-க்கு தினம் 300, இன்னும் 55 நாள் இருக்கு. அதை ஒரு வருசத்துல நாலு தடவை புதுப்பிச்சிட்டேன். இன்னொண்ணு 20,000-க்கு தினம் 200, எழுபது நாள் இருக்கு. ஏப்ரல் கடைசியில எனக்குத் தொண்டை வலி, உடம்பு வலி. வசூலுக்குக் காசு வேணுமேன்னு நாலு நாள் கடையை மூடாம வெட்டினேன். அப்புறம் கொரோனா டெஸ்ட் எடுத்தா பாசிட்டிவ். அம்மாவுக்கும் வந்துருச்சு. 63 வயசு, சக்கரை வேற. ஒம்பது நாள் ஆஸ்பத்திரியில இருந்து பொழச்சு வந்தாங்க. இப்ப கடை திறந்தாச்சு. ஷேவிங், ஃபேஷியல் கேக்கறாங்க. செஞ்சா பயம், செய்யாட்டிக் கடன். வீட்டுக்காரி பனியன் கம்பெனியில செக்கிங் போயி மாசம் 8,000 கொண்டு வருது. அவங்க சங்கிலி மூணு பவுன் இருக்கு. ஆவணியில அக்கா மகளுக்குச் சீரு, ரெண்டு பவுன் எதிர்பாக்கறாங்க. ஆப்புல அஞ்சு நிமிசத்துல லோன் வருதாம். ஏஜென்ட் ஒருத்தர் வருசம் 25,000 கட்டற பாலிசி போடச் சொல்றார். என்ன செய்யட்டுமுங்க?"

பதில்: அம்மா நலமாகத் திரும்பியதில் மகிழ்ச்சி. மாஸ்க், சானிடைசர், இடைவெளி பற்றியெல்லாம் உங்களுக்குப் பாடம் நடத்தப் போவதில்லை. ஒன்றரை வருடமாகத் தினமும் அதோடுதான் நிற்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை உலுக்கிய வரி அந்த நாலு நாள் வரிதான். கடை திறப்பதா மூடுவதா என்பதை உங்கள் உடம்பு தீர்மானித்திருக்க வேண்டிய நாட்கள் அவை. சாயங்காலம் ஆறு மணிக்கு வண்டியை நிறுத்திவிட்டு நோட்டோடு உள்ளே வருகிறாரே வசூல் ஆள், அவர் தீர்மானித்தார். தண்டலை, அதாவது நீங்கள் சொல்லும் டெய்லி பைனான்ஸை, இன்னொரு தண்டலால் அடைக்கும் பழக்கம் தொடர்ந்தால் அடுத்த காய்ச்சலிலும் இதுதான் நடக்கும். எனவே பதிலின் பெரும்பகுதி அதைப் பற்றியே.

முதலில் தண்டலின் கணக்கு. 30,000 என்று பேர். முன்னாலேயே வட்டிப் பிடித்தம் 4,500 போகக் கையில் வந்தது 25,500. நூறு நாள், தினம் 300. நூற்றுக்கு 15 ரூபாய்தானே என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் கரைகிறது. அந்தப் பணம் முழுசாக நூறு நாள் உங்களிடம் இருப்பதில்லை. அதைச் சேர்த்துப் பார்த்தால் மாதம் நூற்றுக்குப் பத்து ரூபாய் வட்டி விழுகிறது. ஊரில் பத்து வட்டி என்றால் ஓடுவோம். அதையே தினம் 300 என்று சொன்னால் வாங்கிவிடுகிறோம்.

அதைவிடக் கொடுமை புதுப்பிப்பு. அறுபதாம் நாள் வரை 18,000 கட்டியிருப்பீர்கள், பாக்கி 12,000. "புதுசா 30,000 எடுத்துக்கோங்க" என்பார். அதில் பழைய பாக்கி 12,000 கழியும், பிடித்தம் மறுபடி 4,500 கழியும். கையில் வருவது 13,500. கவனியுங்கள், அந்த 12,000-க்கான வட்டியை முதல் தடவையே பிடித்துவிட்டார். அதே 12,000-க்கு இரண்டாம் தடவையும் பிடிக்கிறார். நீங்கள் உண்மையில் வாங்கிய புதுப் பணம் 13,500, அதற்குக் கொடுத்த விலை 4,500. நாலு தடவை புதுப்பித்ததில், முதல் கடனையும் சேர்த்து உங்கள் கைக்கு வந்தது 79,500. பிடித்தமாகப் போனது 22,500. ஒரு வருடத்தில் இரண்டரை மாதக் கடை வாடகை.

இப்போது கடைக் கணக்கு. ஷேவிங், ஃபேஷியல் இரண்டையும் நிறுத்தச் சொல்கிறேன். இரண்டிலும் மாஸ்க்கைக் கழற்றியாக வேண்டும், உங்கள் மூச்சுக்கும் அவர் மூச்சுக்கும் ஓர் அடி தூரம் இருக்காது. முடிவெட்டு மட்டும் போதும். மூணு சேரில் நடுச் சேரைக் காலியாக விடுங்கள். ஏசி வேண்டாம், கதவும் ஜன்னலும் திறந்திருக்கட்டும். போனில் நேரம் சொல்லி, ஆளுக்கு 40 நிமிடம். காதோரம் வெட்டும்போது மாஸ்க் கயிறு இடைஞ்சலாக இருக்கும், அதற்காக மாஸ்க்கையே இறக்கிவிடுகிறார்கள். ஆபத்து நுழைவது அங்கேதான். ஒரு பக்கக் கயிற்றை மட்டும் கழற்றி, மருந்துக்கடையில் கிடைக்கும் பேப்பர் டேப்பால் மாஸ்க் ஓரத்தைக் கன்னத்தில் ஒட்டிவிட்டு வெட்டுங்கள். முடிந்ததும் மாட்டிவிட்டு மறுபக்கம். கத்திரி, சீப்பு, மெஷின் பிளேடுக்கு ஸ்பிரிட் போதும். பிளீச்சிங் கரைசலைத் தரைக்கும் சேர் கைப்பிடிக்கும் மட்டும் வையுங்கள். கத்திரி அதில் பட்டால் ஒரு வாரத்தில் துரு ஏறிவிடும், அந்தச் செலவு தனி.

ஒருமுறை பயன்படுத்தும் ஷீட், கழுத்துப் பேப்பர், ஸ்பிரிட் எல்லாம் சேர்த்து ஆளுக்கு 25 ரூபாய் வையுங்கள். கட்டணத்தை 150 ஆக்கி, அதைக் கண்ணாடியில் எழுதி ஒட்டிவிடுங்கள். சொல்லாமல் ஏற்றினால்தான் வாடிக்கை கோபிக்கும்.

நாளைக்கு 12 பேர் என்று கொள்வோம். நீங்கள் ஏழு, பையன் ஐந்து. உங்கள் ஏழு 1,050, பையன் வேலையில் உங்கள் பாதி 375. ஷீட் செலவு 300 போக 1,125. மாதம் 26 நாளுக்கு 29,250. வாடகை 9,000, கரண்டு 1,500 போனால் மிச்சம் 18,750.

ஞாயிறு நீக்கி 26 நாளுக்குத் தினம் 500 வீதம் தண்டல் 13,000. மீதி 5,750. முத்ரா தவணைக்கே போதாது. ஆகவே இருபது பேரைத் தேடுகிறீர்கள், ஷேவிங் செய்கிறீர்கள், நடுச் சேரிலும் ஆள் உட்காருகிறார், தொண்டை வலித்தாலும் ஷட்டரைத் தூக்குகிறீர்கள். தண்டல் இல்லையென்றால் அந்தப் பன்னிரண்டு பேரே உங்கள் குடும்பத்துக்குப் போதும். தொழிலா பாதுகாப்பா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கடையில் இரண்டுக்கும் நடுவே நிற்பது இந்த 500 ரூபாய்.

அடைப்பது எப்படி? இரண்டிலும் சேர்த்துப் பாக்கி 16,500 + 14,000 = 30,500. ஒன்றைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள்: வட்டியை முன்னாலேயே பிடித்துவிட்டதால், சீக்கிரம் அடைப்பதால் வட்டி தானாகக் குறையாது. நீங்கள் பேசிக் குறைக்க வேண்டும். "மொத்தமா ரொக்கமாத் தர்றனுங்க, மீதி நாளுக்குக் கழிச்சுக்கோங்க" என்று கேளுங்கள். இந்தக் காலத்தில் நின்றுபோன வசூலே அவர்களுக்கு நிறைய. 27,000, 28,000-க்கு இறங்கி வர வாய்ப்பு உண்டு. ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை என்றாலும் அடையுங்கள், ஐந்தாம் புதுப்பிப்பு நிற்கும். பணம் கொடுக்கும் கையோடு புரோநோட், வெற்றுச் செக், கையெழுத்து போட்டுக் கொடுத்த வேறு தாள் எல்லாவற்றையும் திரும்ப வாங்குங்கள். "அப்புறம் தேடித் தர்றேன்" என்றால் பணத்தையும் அப்புறம் கொடுங்கள். மிரட்டல் வந்தால் 2003-ஆம் ஆண்டின் அதிக வட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. தினவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாம் அதில் வருகின்றன, காவல் நிலையத்தில் புகார் தரலாம்.

அந்த 30,000-க்கு வீட்டம்மாவின் சங்கிலி, அவர் சம்மதித்தால் மட்டும். வங்கியிலோ தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்திலோ வையுங்கள். கிராம் சுமார் 4,500 விற்கும் இந்த 2021 விலையில், முக்கால் பங்கு கடன் என்றால் கிராமுக்கு 3,300-க்கு மேல் தருவார்கள். மூணு பவுனுக்கு, "80,000 வரைக்கும் எடுத்துக்கலாம்" என்பார்கள். எடுக்காதீர்கள். முழுச் சங்கிலியையும் வைத்து 30,000 மட்டும் வாங்குங்கள். மீதி மதிப்பு அப்படியே இருக்கட்டும், அவசரத்துக்கு அதன்மேல் கூடுதலாகக் கேட்கலாம். பத்து சதவீத வட்டி என்றால் மாதம் 250 ரூபாய். மாதம் 2,000 கட்டி வந்தால் ஒன்றரை வருடத்துக்குள் சங்கிலி வீட்டுக்கு வந்துவிடும். ஐந்து பவுன் வரை கூட்டுறவு நகைக்கடன் தள்ளுபடி என்ற 2021 தேர்தல் வாக்குறுதியை நம்பிக் கட்டாமல் விடாதீர்கள். வந்தால் நல்லது, அதை வைத்துக் கணக்குப் போட வேண்டாம்.

அடுத்தது வங்கியின் முத்ரா கடன், இதில் நாள் முக்கியம். 2020-ல் மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிவைத்தார்களே, அதுபோல 2021-ல் எல்லோருக்கும் வராது. கேட்டவர்களுக்குத்தான். 2021 மே 5-ஆம் தேதி ரிசர்வ் வங்கி சிறு தொழில் கடன்களை மறுசீரமைக்க, அதாவது தவணையையும் காலத்தையும் மாற்றி அமைக்க, வழி திறந்தது. 2021 மார்ச் 31 அன்று, தவணை 90 நாளுக்கு மேல் நின்று வாராக்கடன் ஆகாமல் இருந்திருக்க வேண்டும், முன்பு மறுசீரமைத்திருக்கக் கூடாது, 2021 செப்டம்பர் 30-க்குள் நடைமுறை தொடங்க வேண்டும். ஏப்ரல் வரை ஒழுங்காகக் கட்டியதால் நீங்கள் கேட்கலாம். ஆனால் மே தவணை ஆகஸ்டில் 90 நாளைத் தாண்டும். அதற்கு முன்பே மனு உள்ளே போக வேண்டும். வாயால் கேட்டால் "பார்க்கலாம்" என்பார்கள். இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் சீல் போட்டு வாங்குங்கள். 2021 ஜூன் 14 அன்று மற்ற 27 மாவட்டங்களில் சலூன் திறந்தபோதும் திருப்பூர் உட்பட 11 மாவட்டங்களுக்கு அனுமதி இல்லை என்பதை மனுவிலேயே சொல்லுங்கள். சிறு தொழிலுக்கான உத்யம் பதிவுச் சான்றை இணையுங்கள். இல்லையென்றால் ஆதார் எண்ணை வைத்து அரசுத் தளத்தில் இலவசமாகப் பதியலாம், காசு கேட்கும் தளம் போலி.

இரண்டு வருடம் நீட்டிக் கொடுத்தால் தவணை 6,500-லிருந்து சுமார் 4,700 ஆகும். மொத்தத்தில் வட்டி சுமார் 30,000 கூடும். அது வலிக்கத்தான் செய்யும். தண்டலில் ஒரு வருடத்தில் 22,500 போனதை நினைத்தால் தாங்கலாம். நிலைமை தேறியதும் கூடுதலாகக் கட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கடை உரிமையாளரிடமும் பேசுங்கள். மூடிக் கிடந்த நாட்களின் வாடகை பாக்கி இருந்தால் அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொல்லி, ஒப்பந்தத்தின் பின்பக்கம் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.

இதன்பின் மாதக் கணக்கு: 18,750-ல் வங்கி 4,700, நகைக்கடன் 2,000. மீதி 12,050-ல் தினம் 100 வீதம் 2,600-ஐ வேறொரு கணக்கில் போடுங்கள். அதில் செக், ஏடிஎம் கார்டு எதுவும் வேண்டாம். மிச்சம் 9,450, வீட்டம்மா சம்பளம் 8,000, ஆக வீட்டுக்கு 17,000 சொச்சம். இறுக்கமானதுதான், ஆனால் நடக்கும். அந்த 2,600 காய்ச்சல் நாட்களுக்கான பணம். 2021 விதிப்படி, தொற்று வந்தால் அறிகுறி தொடங்கியதிலிருந்து குறைந்தது பத்து நாள், அதில் கடைசி மூன்று நாள் காய்ச்சல் இல்லாமல், வீட்டில் இருக்க வேண்டும். கடை மறுபடி ஓடத் தொடங்கும் வரை பதினைந்து நாள் என்று வையுங்கள். வாடகைப் பங்கு 4,500, வீட்டுக்கு 6,500, பையனுக்கு 2,000, மொத்தம் 13,000. ஐந்து மாதத்தில் சேரும். பையனுக்கு ஏன் என்று கேட்காதீர்கள். காசில்லாவிட்டால் அவனும் காய்ச்சலை மறைத்துக்கொண்டுதான் வேலைக்கு வருவான்.

ஆப் கடனைத் தொடவே வேண்டாம். ஏழு நாள், பதினைந்து நாள் கெடு, பாதிப் பணம் பிடித்தம், தவறினால் உங்கள் போனிலுள்ள எல்லா எண்களுக்கும் மிரட்டல். தண்டல்காரராவது முகத்துக்கு நேரே வருகிறார். 2020 டிசம்பரிலேயே ரிசர்வ் வங்கி இதைப் பற்றி எச்சரித்துவிட்டது. அந்த 25,000 பாலிசியும் வேண்டாம். இரண்டாம் வருடம் கட்ட முடியாமல் விட்டால் போட்டதில் பெரும்பகுதி போய்விடும். வங்கிக் கணக்கிலேயே பிரதமரின் ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீடு இருக்கிறது, 2021-ல் வருடம் 330 ரூபாய், 2 லட்சம். சேர்ந்த முதல் சில வாரம் விபத்து மரணத்துக்கு மட்டும்தான் கிடைக்கும். ஆஸ்பத்திரிச் செலவுக்கு, வருமான வரம்புக்குள் வந்தால், முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கு உடனே விண்ணப்பியுங்கள். தனியார் மருத்துவமனையில் கொரோனா சிகிச்சையும் 2021-ல் அதில் சேர்க்கப்பட்டது.

தடுப்பூசி பற்றி ஒரு வார்த்தை. தொற்று குணமாகி மூன்று மாதம் கழித்துப் போட்டுக்கொள்ள 2021 மே மாதம் சொல்லியிருக்கிறார்கள், ஆகையால் உங்களுக்கும் அம்மாவுக்கும் ஆகஸ்ட். பையனும் வீட்டம்மாவும் தொற்று வராதவர்கள் என்றால் இந்த வாரமே போடலாம்.

சீர் விஷயம். அக்காவிடம் போனில் சொல்லாமல் நேரில், இப்போதே சொல்லுங்கள். ஆவணி வரைக்கும் இழுத்துவிட்டு மண்டபத்தில் கைபிசைவது அவருக்கும் அவமானம். தட்டு வரிசை, பட்டுப் பாவாடை, மாலை என்று 6,000, 7,000-க்குள் உங்கள் கையால் செய்யுங்கள். அதையும் காய்ச்சல் பணத்திலிருந்து எடுக்காமல், ஆவணிக்குள் வீட்டுச் செலவில் சேர்த்த அளவுக்குச் செய்யுங்கள். பவுனைக் கல்யாணத்துக்குப் போடுகிறேன் என்று மாமனாக வாக்குக் கொடுங்கள். அம்மாவைக் கூட அழைத்துப் போங்கள். அம்மாவுக்காக ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருந்த குடும்பம் அது, கணக்கைச் சொன்னால் புரியும்.

திங்கள் காலை முதல் வேலை வங்கி மனு. அதற்குள் வீட்டம்மாவோடு உட்கார்ந்து சங்கிலி பற்றிப் பேசி முடியுங்கள். நகைக்கடன் கைக்கு வந்த அன்று சாயங்காலம், வசூல் ஆள் வரும்போது நோட்டைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு நாள் வரவையும் உங்கள் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பணத்தை எடுங்கள்.