மகள் கம்பெனி இயக்குநராக என்ன படிக்க வேண்டும்?

மஞ்சக்குப்பத்திலிருந்து எழுதியிருக்கும் ஐயாவுக்கு,

பிளஸ் டூ வணிகவியல் முடித்த உங்கள் மகள், பெரிய கம்பெனியின் இயக்குநர் குழுவில் ஒருநாள் இடம்பெற வேண்டும் என்கிறாள். நீங்களோ பி.காம்., பிறகு வங்கித் தேர்வு என்கிறீர்கள். கூடவே, தம்பியின் பிரைவேட் லிமிடெட் கம்பெனியில் இப்போதே அவளை இயக்குநராகச் சேர்த்தால் அனுபவமாகுமே என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

அந்த யோசனையை முதலில் கைவிடுங்கள். ஒரு கம்பெனி தொடர்ந்து 3 நிதியாண்டுகள் கணக்கையோ ஆண்டு விவரத்தையோ தாக்கல் செய்யாவிட்டால், அதன் இயக்குநர்களை 5 ஆண்டுகளுக்கு வேறெந்தக் கம்பெனியும் நியமிக்க முடியாது. 2017-இல் நாடு முழுவதும் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இப்படித் தகுதியிழந்தார்கள். சித்தப்பா கணக்கைத் தாக்கல் செய்ய மறந்தாலும் மாட்டிக்கொள்வது மகளும்தான்.

அவளுடைய ஆசை வீண் ஆசை அல்ல. 2013 கம்பெனிச் சட்டப்படி, பங்குச்சந்தையில் உள்ள ஒவ்வொரு கம்பெனியிலும் குறைந்தது ஒரு பெண் இயக்குநராவது இருக்க வேண்டும். பல முதலாளிகள் மனைவியையோ மகளையோ நியமித்துக் கணக்கை நேர்செய்துகொண்டார்கள். அதனால் சந்தை மதிப்பில் முதல் 1,000 கம்பெனிகளில் சுயேச்சைப் பெண் இயக்குநர் ஒருவர் வேண்டும் என்று பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி அமைப்பு விதித்தது. 2020 ஏப்ரல் முதல் அது நடைமுறையில் இருக்கிறது. முதலாளியின் உறவினர் அந்த இடத்துக்கு வர முடியாது. நார்வே 2003-லேயே இயக்குநர் குழுவில் 40 சதவீதம் பெண்கள் என்று சட்டம் இயற்றியது. நாம் இன்னும் ஒருவரிலேயே நிற்கிறோம் என்பது வேறு வருத்தம்.

இயக்குநராவதற்கென்று தனிப் பட்டம் கிடையாது. கணக்கிலோ சட்டத்திலோ நிர்வாகத்திலோ பல ஆண்டுகள் பேர் வாங்கியவர்களைத்தான் தேடுவார்கள். உங்கள் மகளுக்கு நான் சொல்வது கம்பெனி செகரட்டரி படிப்பு. நுழைவுத் தேர்வைப் பிளஸ் டூ முடித்ததுமே எழுதலாம். பி.காம். படித்தபடியே தொடரலாம், கல்லூரிக்காகக் கடலூரை விட்டுப் போக வேண்டியதில்லை. இயக்குநர் குழுக் கூட்டத்துக்கு நிகழ்ச்சிநிரல் தயாரிப்பதும், நடவடிக்கைக் குறிப்பு எழுதுவதும் செகரட்டரியின் வேலை. யார் என்ன கேள்வி கேட்கிறார்கள், எதற்கு மழுப்புகிறார்கள் என்பதையெல்லாம் இளம் வயதிலேயே பக்கத்திலிருந்து பார்க்கலாம். பங்குச்சந்தையில் உள்ள கம்பெனிகள் முழுநேரச் செகரட்டரி வைத்தே ஆக வேண்டும். நம் மாவட்டத்து நெய்வேலி என்.எல்.சி.யும் அதில் அடக்கம்.

ஒன்று மட்டும் உங்கள் கையில் இருக்கிறது. கல்யாணப் பேச்சு வரும்போது, “வேலையை விட்டுவிடுவாள்” என்று மாப்பிள்ளை வீட்டுக்கு நீங்களாக வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். வெளியூர் போக நேர்ந்தாலும் உரிமம் பெற்றுத் தனியாகத் தொழில் நடத்த இதில் வழி உண்டு. வங்கித் தேர்வைப் பட்டம் வாங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.