மெட்டலும் ராக்கும் கேட்க முதல் ஹெட்போன்: பாஸ் அதிகமுள்ளதைத்தான் வாங்க வேண்டுமா?

பத்தாயிரம் ரூபாயை ஒட்டிய செலவில் முதல் நல்ல ஹெட்போனை வாங்க விரும்புவதாகவும், நீங்கள் கேட்பதில் பெரும்பகுதி ஹெவி மெட்டலும் ராக்கும்தான் என்றும் எழுதியிருக்கிறீர்கள். பாஸ், அதாவது தாழ்ந்த ஒலி, அதிகம் என்று விளம்பரம் செய்யப்படும் மாடல்கள்தாம் இதற்கு ஏற்றவையா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஏற்றவை அல்ல என்பதே என் உறுதியான பதில். இந்த இசைக்குக் கட்டுக்குள் நிற்கும் பாஸும், மறைக்கப்படாத மிட் (நடுத்தர) ஒலியும், உறுத்தாத ட்ரெபிளும் (உயர்ந்த ஒலியும்) வேண்டும். காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். அது புரிந்துவிட்டால் நான் குறிப்பிடாத மாடல்களையும் நீங்களே எடைபோட்டுவிடலாம்.

வழக்கமான சுருதியில் ஆறு கம்பி கிட்டாரின் மிகத் தடித்த கம்பி சுமார் 82 ஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 82 அதிர்வில், ஒலிக்கும். மெட்டல் குழுக்கள் பல அதற்கும் கீழே இறங்கித்தான் வாசிக்கின்றன. இந்த வழக்கம் வேரூன்றியதில் பிளாக் சபாத் குழுவின் டோனி அயோமிக்குப் பெரும் பங்கு உண்டு. இளம் வயதில் தொழிற்சாலை விபத்தொன்றில் இரண்டு விரல்களின் நுனிகளை இழந்த அவர், கம்பியின் இறுக்கம் தளர்ந்தால் விரலுக்கு வலி குறையும் என்பதால், 1971ஆம் ஆண்டு வாக்கில் மூன்று அரைச்சுரம் இறக்கி வாசிக்கத் தொடங்கினார். அப்படி இறக்கினால் தடித்த கம்பி 69 ஹெர்ட்ஸுக்கு வந்துவிடும். பாஸ் கிட்டாரின் அடிச்சுரம் 41 ஹெர்ட்ஸ். காலால் மிதித்து அடிக்கும் பாஸ் டிரம்மின் கனமும் ஏறத்தாழ 50 முதல் 100 ஹெர்ட்ஸுக்குள்தான் இருக்கிறது. ஆகவே, மூன்று கருவிகள் ஏற்கெனவே நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் அதே இடத்தைத்தான் ‘எக்ஸ்ட்ரா பாஸ்’ ஹெட்போன்கள் மேலும் உயர்த்துகின்றன. ஒற்றைத் தாளக்கட்டும் ஒரு குரலும் மட்டும் உள்ள நடனப் பாடலில் அது சுகமாக இருக்கலாம். மெட்டலில் எல்லாம் கலந்து ஒரே இரைச்சலாகிவிடும்.

பாஸ் டிரம்மில் வாசிக்கும் ‘டபுள் பாஸ்’ முறையை எடுத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 200 துடிப்பு வேகத்தில், ஒரு துடிப்புக்கு நான்கு அடி வீதம் டிரம்மர் இரு கால்களாலும் அடித்தால், விநாடிக்குப் பதின்மூன்று அடிகளுக்கு மேல் விழுகின்றன. ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே 75 மில்லிவிநாடிதான். முந்தைய அடியின் முழக்கம் அதற்குள் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் தனித்தனி அடிகள் காதில் விழாமல் ஒரு நீண்ட உறுமல் மட்டுமே மிஞ்சும். ஒவ்வோர் அடியையும் பிரித்துக் காட்டுவது பாஸ் டிரம்மின் கனம் அன்று. தோலில் அடிமுனை மோதும்போது எழும் ‘டக்’ என்ற சத்தம். மெட்டல் ஒலிப்பதிவாளர்கள் 3,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான அந்தப் பகுதியை வேண்டுமென்றே தூக்கி வைப்பார்கள். ரிஃப் எனப்படும், திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கின் கடிப்பும் பாடகரின் சொற்களும்கூடப் பெரும்பாலும் 500 முதல் 4,000 ஹெர்ட்ஸுக்குள் இருப்பவையே. பாஸும் ட்ரெபிளும் தூக்கி, நடுவைப் பள்ளமாக்கிய ஹெட்போன் கடையில் முதல் இரண்டு நிமிடம் பிரமிப்பூட்டும். ஆனால் அந்தப் பள்ளத்தில்தான் கிட்டார் முழுவதும் புதைந்துபோகிறது.

மறுபக்கம், ட்ரெபிளும் எல்லை மீறக் கூடாது. பெரும்பாலான மெட்டல் பாடல்களில் டிரம்மரின் சிம்பல்கள் (உலோகத் தட்டுகள்) ஓய்வதே இல்லை. 8,000 ஹெர்ட்ஸை ஒட்டிக் கூர்மையாக எழும்பும் ஹெட்போனில் அரை மணி நேரம் கேட்டாலே காது களைத்துவிடும். பேயர்டைனமிக் டிடி 990 ப்ரோவைப் பலரும் பரிந்துரைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது திறமையாகச் செய்யப்பட்ட கருவி என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதன் ட்ரெபிள் இந்த இசைக்கு மிகுதி என்பதால், முதல் ஹெட்போனாக அதை நான் சொல்ல மாட்டேன்.

இனி மாடல்கள். காதுக்கூட்டின் பின்புறம் அடைக்கப்பட்ட மூடிய வகையில் ஆடியோ-டெக்னிக்கா ஏடிஎச்-எம்40எக்ஸ் என் முதல் தேர்வு. அதன் அண்ணனான எம்50எக்ஸ் அதிகப் புகழ் பெற்றது என்றாலும், எம்40எக்ஸின் பாஸ் அதைவிடச் சமமாக அடங்கி நிற்பதால் ரிஃப்புகள் தெளிவாக வருகின்றன. அதன் மின்தடை 35 ஓம் மட்டுமே என்பதால் கைபேசியே அதை எளிதாக இயக்கும். கேபிளைக் கழற்றி மாற்றலாம். அதன் காதுமெத்தைதான் குறை. சென்னை போன்ற ஊரின் புழுக்கத்தில் செயற்கைத் தோல் மெத்தை வியர்வையை இழுத்து நாளடைவில் உரியத் தொடங்கும். மாற்று மெத்தை தனியாகக் கிடைக்கிறது என்பதால் இதற்காக அந்த மாடலைத் தவிர்க்க வேண்டியதில்லை.

பின்புறம் அடைக்கப்படாத திறந்த வகையில், நியூயார்க்கின் புரூக்ளினில் 1953 முதல் இயங்கும் கிராடோ நிறுவனத்தின் எஸ்ஆர்60எக்ஸ் ராக் கேட்பவர்களிடம் தனிப் பிரியத்தைப் பெற்றது. மெட்டலில் ஒரே ரிஃப்பை இருமுறை வாசித்துப் பதிந்து, ஒன்றை இடக்காதுக்கும் மற்றதை வலக்காதுக்கும் தள்ளிவைப்பது வழக்கம். அந்த இரண்டு கிட்டார்களுக்கும் நடுவே உள்ள வெளியை, இந்த விலையில் கிராடோ அளவுக்கு உயிர்ப்போடு காட்டும் ஹெட்போனை நான் கேட்டதில்லை. ஆழ்ந்த பாஸ் அதில் குறைவு. அதோடு, உங்கள் பாடலைப் பக்கத்து நாற்காலிக்காரரும் கேட்பார்; வெளிச்சத்தமும் தடையின்றி உள்ளே வரும். தனி அறையில் இருப்பவருக்கே அது ஏற்றது. அவ்வளவு செலவு வேண்டாம் என்றால், 1984இல் வந்து இன்றும் விற்பனையில் உள்ள கோஸ் போர்ட்டா ப்ரோவைப் பாருங்கள். எடையே தெரியாது, பாஸ் சற்றுக் கூடுதல் என்றாலும் ராக்குக்கு இனிமையானது.

ப்ளூடூத் ஹெட்போனைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்வதானால், நீங்கள் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு பேட்டரிக்கும் சில்லுக்கும் போய்விடுவதால், இந்த விலை வரம்பில் வயருள்ளதே நல்ல ஒலி தரும். கைபேசியில் ஹெட்போன் துளை இல்லையென்றால் ஒரு சிறிய யுஎஸ்பி-சி மாற்றி போதும். தனி ஆம்ப்ளிஃபயர் தேவையில்லை.

வாங்குமுன் உங்களுக்கு மனப்பாடமான நான்கு பாடல்களைக் கடையில் கேட்டுப் பாருங்கள். எந்த இசைத்தட்டை வைத்துச் சோதிக்கிறீர்கள் என்பதிலும் கவனம் வேண்டும். மெட்டாலிக்கா குழுவின் 1988ஆம் ஆண்டு இசைத்தட்டில் பாஸ் கிட்டார் ஏறக்குறையக் கேட்காத அளவுக்குக் கலவையில் அமுக்கப்பட்டிருக்கிறது. அதே குழுவின் 2008ஆம் ஆண்டு இசைத்தட்டு, ஒலியளவை வரம்பு மீறி உயர்த்தியதால் கரகரப்பதற்குப் பெயர் போனது. இவற்றைக் கேட்டுவிட்டு ஹெட்போனைக் குறை சொன்னால் அது நியாயமாகாது. டபுள் பாஸில் அடிகள் பிரிந்து கேட்கின்றனவா, இரு கிட்டார்களும் இரு புறமும் விலகி நிற்கின்றனவா, எல்லாக் கருவிகளும் முழங்கும் இடத்தில் பாஸ் கிட்டாரை மனத்தால் பின்தொடர முடிகிறதா என்ற மூன்றையும் மட்டும் பாருங்கள். மீதியை, ஒலியின் பகுதிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில் ஓரளவு திருத்தலாம். 200 ஹெர்ட்ஸை ஒட்டி இரண்டு மூன்று டெசிபல் குறைத்தாலே பல ஹெட்போன்களின் மந்தம் விலகிவிடும்.

ஒலியளவைப் பற்றியும் அக்கறையோடு ஒன்று சொல்ல வேண்டும். மெட்டலில் மெல்லிய இடங்கள் குறைவு என்பதால் காதுக்கு இடையில் ஓய்வு கிடைப்பதில்லை. பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அதுவே 90 டெசிபலானால் பாதுகாப்பான நேரம் வாரத்துக்கு நான்கு மணியாகச் சுருங்கிவிடுகிறது. பேருந்திலும் ரயிலிலும் வெளி இரைச்சலை வெல்வதற்காகத்தான் பெரும்பாலோர் ஒலியைக் கூட்டுகிறார்கள். உங்கள் கேட்பில் பாதிக்கு மேல் பயணத்தில்தான் என்றால், நான் மேலே எவ்வளவு புகழ்ந்திருந்தாலும் கிராடோவை விட்டுவிட்டு எம்40எக்ஸையே வாங்குங்கள்.