அவர் இல்லாதபோது யார்?

அன்புள்ள சார்,

வணக்கம். இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கால்பந்தில் ஆடும் ஓர் அணிக்குப் பல ஆண்டுகளாக ரசிகன் நான். பெயரைச் சொன்னால் பேச்சு வேறு பக்கம் போய்விடும் என்பதால் சொல்லவில்லை. சென்ற சீசனில் ஏழாம் இடம். வரும் சீசனில் வியாழக்கிழமைகளில் ஐரோப்பியப் போட்டியும் உண்டு. இரண்டு ஸ்ட்ரைக்கர்களையும் ஒரு விங்கரையும் புதிதாக வாங்கியிருக்கிறார்கள். டிஃபென்ஸுக்கு முன்னால் நின்று பந்தைப் பறித்துக்கொண்டிருந்த மூத்த மிட்ஃபீல்டர் ஒப்பந்தம் முடிந்து கிளம்பிவிட்டார். அவர் இடத்துக்கு இதுவரை யாரும் வரவில்லை. சீசனுக்கு முந்தைய பயிற்சி ஆட்டங்களான ப்ரீ சீசனில் ஆடிய எல்லா ஆட்டங்களையும் ஜெயித்துவிட்டோம்.

நண்பர்கள் குழுவில் தினமும் சண்டை. முதல் நான்கு இடம் உறுதி என்கிறார்கள் பலர். ஒருவர் கோப்பையே நமக்குத்தான் என்கிறார். ஆறிலிருந்து ஒன்பதுக்குள்தான் முடிப்போம் என்றேன் நான். மற்ற அணிகள் நம்மைவிட அதிகம் செலவழித்திருக்கின்றன என்பதே என் காரணம். அன்றிலிருந்து நான் துரோகி. யாரும் எதிர்பாராமல் 2015-16இல் பட்டம் வென்ற சிறிய அணியைக் காட்டி, 'லெஸ்டர் ஜெயிக்கவில்லையா?' என்று கேட்டு வாயை அடைத்துவிடுகிறார்கள்.

சீசன் தொடங்கும் முன்பு இதையெல்லாம் கணிக்க ஏதாவது அடிப்படை இருக்கிறதா? தன் அணி ஜெயிக்காது என்று சொல்கிறவன் நல்ல ரசிகன் இல்லையா?

ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கணிப்போடு எனக்கு உடன்பாடு உண்டு. அதற்கு நீங்கள் சொன்ன காரணத்தோடு இல்லை. அதைவிட நல்ல காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. அதைப் போகிற போக்கில் ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்துவிட்டீர்கள்.

முதலில் ப்ரீ சீசன் வெற்றிகளை ஓரமாக வைத்துவிடலாம். 2014 கோடையில் லூயி வான் கால் கோச்சாகப் பொறுப்பேற்ற மான்செஸ்டர் யுனைடெட் அமெரிக்காவில் சுற்றுப்பயணம் செய்தது. மிச்சிகனில் 1,09,318 பேர் முன்னிலையில் ரியல் மாட்ரிட்டை 3-1 என்று தோற்கடித்தது. இறுதி ஆட்டத்தில் லிவர்பூலையும் அதே கணக்கில் வென்று கோப்பையோடு திரும்பியது. ஆகஸ்ட் 16 அன்று லீக் தொடங்கியது. சொந்த மைதானத்தில், முதல் ஆட்டத்திலேயே ஸ்வான்சியிடம் 2-1 என்று தோற்றது. சில நாட்களில் லீக் கோப்பையில் எம்.கே. டான்ஸ் என்ற கீழ்நிலை அணியிடம் 4-0. அந்த ஆட்டங்கள் உடலைத் தயார் செய்வதற்காக ஆடப்படுபவை. இடைவேளையில் பாதி அணியை மாற்றுவார்கள், எதிரணி பயிற்சியின் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பது வெளியே தெரியாது. அதில் கிடைக்கும் வெற்றியைக் கொண்டாடலாம், கணக்கில் சேர்க்க வேண்டாம்.

இப்போது உங்கள் காரணத்துக்கு வருகிறேன். அதிகம் செலவழித்தவன் மேலே போவான் என்பது பாதி உண்மைதான். 2022-23இல் செல்சி கொட்டிய பணத்துக்கு அளவே இல்லை. ஜனவரியில் என்ஸோ ஃபெர்னாண்டஸுக்காகப் பிரிட்டிஷ் டிரான்ஸ்ஃபர் சாதனையையே முறியடித்தது. முடிவில் 38 ஆட்டங்களில் 38 கோல், 44 புள்ளி, பன்னிரண்டாம் இடம். எதிர்ப்பக்கம் டோட்டன்ஹாம். 2018 கோடையில் ஒரு ஆட்டக்காரரைக்கூட அது வாங்கவில்லை. ஆட்டக்காரர்களை வாங்கி விற்கும் கோடைக்கால டிரான்ஸ்ஃபர் காலம் என்ற ஏற்பாடு வந்தபின் பிரீமியர் லீக் அணி ஒன்று அப்படி இருந்தது அதுவே முதல்முறை. ஆனால் அந்த சீசனில் நான்காம் இடம் பிடித்து, சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம் வரை போனது. 'பார்த்தாயா, வாங்கவே தேவையில்லை' என்று இதை வைத்து வாதாடுபவர்கள் அடுத்த பக்கத்தைப் புரட்டுவதில்லை. களைத்துப்போன அதே அணி அடுத்த சீசனில் தடுமாறியது. 2019 நவம்பரில் பதினான்காம் இடத்தில் இருந்தபோது கோச் பொச்செட்டினோ நீக்கப்பட்டார். வாங்காமல் விட்டதன் விலை ஓராண்டு தாமதமாகத்தான் வந்து சேர்ந்தது.

நீண்ட காலக் கணக்கில் அணியின் இடத்தோடு நெருங்கி ஒத்துப்போவது அதன் மொத்தச் சம்பளச் செலவு. ஒரு கோடையின் டிரான்ஸ்ஃபர் தொகை அந்த அளவுக்கு எதையும் சொல்வதில்லை. நல்ல ஆட்டக்காரர்களைத் தக்கவைத்துக்கொள்ளவும் சம்பளம்தான் வேண்டும். ஆகவே குழுவில் 'எவ்வளவு செலவழித்தோம்' என்ற கேள்வியை விட்டுவிட்டு, 'யார் போனார், அவர் வேலையை இனி யார் செய்வார்' என்று கேட்டுப் பாருங்கள். வாதத்தின் தரமே மாறிவிடும்.

நான் சொல்ல வந்தது இதுதான். சீசனுக்கு முன் ரசிகர்கள் எல்லோரும் சிறந்த பதினொருவரை எழுதிவைத்துக்கொண்டு வாதாடுகிறோம். அந்தப் பதினொருவர் சேர்ந்து களமிறங்கும் ஆட்டங்கள் ஒரு சீசனில் மிகச் சிலவே. எனவே ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில், அவர் இல்லாதபோது யார் என்று எழுத வேண்டும். அதோடும் நிற்கக் கூடாது. அந்த மாற்று ஆள் எந்த இடத்திலிருந்து வருகிறார், அவர் விட்டுவிட்டு வந்த இடத்தில் என்ன ஆகும் என்றும் எழுத வேண்டும்.

லிவர்பூலின் 2020-21 சீசனை இதற்காகவே விரிவாகப் பார்க்கலாம். முந்தைய ஆண்டு 99 புள்ளியோடு சாம்பியன். 2020 அக்டோபர் 17 அன்று எவர்ட்டனுக்கு எதிரான ஆட்டத்தில், டிஃபென்ஸின் நடுவில் நிற்கும் சென்டர் பேக் வான் டைக்கின் முழங்கால் போனது. அடுத்த மாதம் இங்கிலாந்து அணிப் பயிற்சியில் ஜோ கோமஸ் விழுந்தார். ஜனவரி இறுதியில் மாட்டிப். மூத்த சென்டர் பேக் மூவரும் அந்த சீசனுக்கு முடிந்தது. கோச் கிளாப் செய்ததை யாரும் குறை சொல்ல முடியாது. மிட்ஃபீல்டிலிருந்து ஃபபின்யோவைப் பின்னுக்கு இழுத்தார், பிறகு ஹெண்டர்சனையும் இழுத்தார். கூரை ஓட்டையை அடைக்கச் சுவரிலிருந்து கல்லை உருவியது போலானது. டிஃபென்ஸில் கோல்கள் வெள்ளமாக விழுந்துவிடவில்லை. சரிந்தது முன்வரிசை. பந்தைப் பறித்து உடனே முன்னால் தரும் ஆள் நடுவில் இல்லாததால் சலாவும் மானேயும் ஃபிர்மினோவும் பந்துக்காகக் காத்து நின்றார்கள்.

சொந்த மைதானத்தில் 68 லீக் ஆட்டங்களில் தோல்வியே காணாத அணி அது. 2021 ஜனவரி 21 அன்று பர்ன்லியிடம் அங்கே 1-0 என்று தோற்றது. பிறகு பிரைட்டன், மான்செஸ்டர் சிட்டி, எவர்ட்டன், செல்சி, ஃபுல்ஹாம். சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில் தொடர்ந்து ஆறு தோல்விகள், ஆறு ஆட்டங்களிலும் சேர்த்து லிவர்பூல் அடித்தது ஒரே ஒரு கோல், அதுவும் பெனால்ட்டி. காயம் பட்டது டிஃபெண்டர்களுக்கு, வற்றிப்போனது கோல். டிவியில் பார்க்கிறவர்கள் ஸ்ட்ரைக்கர்களைத்தான் திட்டினார்கள். மார்ச்சில் ஃபபின்யோவை மறுபடி மிட்ஃபீல்டுக்கு அனுப்பி, பின்னால் நேட் ஃபிலிப்ஸ் போன்ற அனுபவம் குறைந்தவர்களையே நிறுத்தினார் கிளாப். கடைசிப் பத்து ஆட்டங்களில் எட்டு வெற்றி, இரண்டு டிரா, மூன்றாம் இடம். பின்வரிசையில் தரம் குறைந்தவர்கள்தான் நின்றார்கள், ஆனால் அவரவர் அவரவர் இடத்தில் நின்றார்கள்.

இனி உங்கள் அணிக்கு வாருங்கள். இரண்டு ஸ்ட்ரைக்கர், ஒரு விங்கர் வந்திருக்கிறார்கள், நல்லது. பந்தைப் பறிக்கிறவர் போய்விட்டார். அவர் வேலையை இனி யார் செய்வார்? பந்தைக் கொண்டுபோகும் ஒரு மிட்ஃபீல்டரைக் கீழே இறக்குவார்கள் என்றால், புதிய ஸ்ட்ரைக்கர்களுக்குப் பந்து வரும் வழியே அடைபடும். டிசம்பரில் குழு முழுக்க அந்தப் புது ஸ்ட்ரைக்கர்களைத் திட்டிக்கொண்டிருக்கும். மூன்று புதுமுகங்களைவிட அந்த ஒருவரின் பிரிவு எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

அடுத்தது வியாழக்கிழமை. வியாழன் இரவு வெளிநாட்டில் ஆடிவிட்டு ஞாயிறு லீகில் இறங்குவது சின்ன விஷயமில்லை. பயணத்தைவிடப் பயிற்சி நாட்கள் குறைவதுதான் அதில் பெரிய சேதம். இப்ஸ்விச் 2000-01இல், மேல்நிலை லீகுக்கு ஏறி வந்த முதல் ஆண்டிலேயே ஐந்தாம் இடம் பிடித்தது. அடுத்த ஆண்டு யூஇஎஃப்ஏ கோப்பை என்ற ஐரோப்பியப் போட்டியில் ஆடியது, இன்டர் மிலானைச் சொந்த ஊரில் 1-0 என்று வென்றும் காட்டியது. அதே சீசனில் பதினெட்டாம் இடத்தில் முடிந்து தகுதி இறக்கப்பட்டது. நியூகாசில் 2022-23இல் 71 புள்ளியோடு நான்காம் இடம். அடுத்த சீசனில் சாம்பியன்ஸ் லீகும் காயங்களும் சேர்ந்து அழுத்த, 60 புள்ளி, ஏழாம் இடம். மறுபக்கம் செல்சி 2015-16இல் 50 புள்ளியோடு பத்தாம் இடத்துக்குச் சரிந்து, அதனாலேயே ஐரோப்பியப் போட்டி இல்லாத ஓர் ஆண்டைப் பெற்றது. புதிய கோச் கோன்டே வாரம் முழுவதும் பயிற்சி கொடுத்தார். 93 புள்ளியோடு சாம்பியன். கான்டே என்ற மிட்ஃபீல்டர் அந்தக் கோடையில்தான் அங்கே வந்தார் என்பதையும் மறக்க வேண்டாம். பந்தைப் பறிக்கிறவர்.

அவர் வந்தது லெஸ்டரிலிருந்து. உங்கள் நண்பர்களின் பிரம்மாஸ்திரத்துக்கு இப்போது பதில் சொல்லலாம். 2015 கோடையில் லெஸ்டர் பட்டம் வெல்லும் என்பதற்குப் பந்தய நிறுவனங்கள் ஒன்றுக்கு ஐயாயிரம் என்று விலை வைத்திருந்தன. கோச் பியர்சன் நீக்கப்பட்டு ரானியேரி வந்தபோது அந்த ஊர்க்காரரும் முன்னாள் ஆட்டக்காரருமான கேரி லினெக்கரே பொதுவெளியில் சந்தேகப்பட்டார். அது நடக்கும் என்று யாரும் கணித்திருக்க முடியாது. ஆனால் நடந்தபின் பார்த்தால் காரணங்கள் இருந்தன. முந்தைய சீசனின் கடைசி ஒன்பது ஆட்டங்களில் ஏழை வென்றிருந்தார்கள். ஐரோப்பியப் போட்டி இல்லை, இரண்டு உள்நாட்டுக் கோப்பைகளிலிருந்தும் சீக்கிரம் வெளியேறினார்கள். பெரிய காயங்கள் இல்லாமல் ஏறக்குறைய ஒரே அணியே வாராவாரம் இறங்கியது. லெஸ்டரை உதாரணம் காட்டுகிற நண்பரிடம் இந்தப் பட்டியலைக் கொடுத்து, இதில் எது நம் அணிக்கு இருக்கிறது என்று கேளுங்கள். வியாழக்கிழமை ஆட்டங்கள் ஒன்றே போதும், அந்த ஒப்பீடு நிற்காது.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றும் எனக்குத் தெரிய வேண்டும். சென்ற சீசனின் ஏழாம் இடம் எப்படி வந்தது? அட்டவணை எப்போதும் முழுக்கதையைச் சொல்வதில்லை. 2014-15இல் ஜெர்மனியின் டார்ட்மண்ட் பாதி சீசன் முடிந்தபோது பதினெட்டு அணிகளில் பதினேழாவது. ஸ்ட்ரைக்கர் லெவண்டோவ்ஸ்கி போனதோடு அணியே முடிந்தது என்று எழுதினார்கள். ஆனால் அவர்கள் உருவாக்கிய கோல் வாய்ப்புகள் அடித்த கோல்களைவிட வெகு அதிகம். எந்த வாய்ப்பு எத்தனை சதவீதம் கோலாகும் என்று கணக்கிடும் முறை இதைத்தான் காட்டும். அந்தக் கணக்கில் ஒரு பெனால்ட்டியின் மதிப்பு முக்கால் கோல் அளவு, தூரத்திலிருந்து அடிக்கும் ஷாட்டின் மதிப்பு மிகமிகக் குறைவு. டார்ட்மண்ட் அப்படியே மேலே ஏறி ஏழாம் இடத்தில் முடித்தது. உங்கள் அணி ஒரு கோல் வித்தியாசத்தில் வென்ற ஆட்டங்களை எண்ணிப் பாருங்கள். கடைசி நிமிடங்களில் கோல்கீப்பர் காப்பாற்றியதால் வந்த புள்ளிகள் அவற்றில் அதிகம் என்றால், அந்த அதிர்ஷ்டம் அடுத்த ஆண்டும் கூடவே வரும் என்று நம்ப முடியாது.

துரோகி என்ற சொல் என்னை வருத்தியது. தன் அணி கோப்பை வெல்லும் என்று சொல்ல ஆட்டத்தைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. டிஃபென்ஸுக்கு முன்னால் நின்றவர் போய்விட்டார் என்று கவலைப்பட, அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று வாராவாரம் பார்த்திருக்க வேண்டும். நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். கோப்பை நமக்குத்தான் என்கிறவரையும் நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆகஸ்டில் ஆசைப்படுவது ரசிகனின் உரிமை. ஆனால் ஆசைப்படுவதற்கும் ஆட்டத்தை எடைபோடுவதற்கும் குழுவில் இடம் இருக்க வேண்டும்.

அக்டோபரில் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள் என்றும் உங்கள் குழுவிடம் சொல்லுங்கள், நீங்களும் எழுதாதீர்கள். 2015 கோடையில் பிர்லோ, விடால், டெவஸ் மூவரையும் இழந்த இத்தாலியின் யுவென்டஸ் முதல் பத்து ஆட்டங்களில் எடுத்தது 12 புள்ளி. மீதி 28 ஆட்டங்களில் 26 வெற்றி, 91 புள்ளியோடு பட்டம். போனவர்களின் இடத்தைப் புதியவர்கள் நிரப்ப இரண்டு மாதமாவது ஆகும்.

என் கணிப்பையும் சொல்லிவிடுகிறேன். டிரான்ஸ்ஃபர் காலம் முடிவதற்குள் பந்தைப் பறிக்கும் ஒரு மிட்ஃபீல்டர் வந்தால் ஆறாம் இடம். வராவிட்டால் ஒன்பது. அந்த மூத்தவர் ஆடாத ஆட்டங்களில் சென்ற சீசனில் எத்தனை புள்ளி எடுத்தீர்கள் என்று கணக்குப் பார்த்து எழுதுங்கள். அது தெரிந்தால் இன்னும் துல்லியமாகச் சொல்ல முடியும்.

அன்புடன்.