போபால் சாம்பலும் கடைசிப் பத்தியும்

அன்புள்ள சார்,

போபால் யூனியன் கார்பைடு ஆலையில் கிடந்த நச்சுக் கழிவையெல்லாம் இந்தூர் பக்கத்துத் தொழில் நகரமான பீதம்பூரில் எரித்து முடித்துவிட்டதாக 2025 ஜூலையில் செய்தி பார்த்தேன். நாற்பது வருடத் தலைவலி தீர்ந்தது என்கிற தோரணையில் சானல்கள் பேசின. வாட்ஸப்பிலோ, பீதம்பூர் அடுத்த போபால் ஆகிவிட்டது, எல்லாவற்றையும் மறைக்கிறார்கள் என்று வருகிறது. விஷவாயு கசிந்த நாளிலிருந்தே பத்திரிகைகள் கம்பெனிக்காரன் பக்கம்தான் என்கிறார் என் நண்பர். எனக்கும் அப்படித்தான் படுகிறது. பேப்பரை நிறுத்திவிட்டேன். செய்தது சரிதானே?

ரா.

அன்புள்ள ரா.,

பேப்பரை நிறுத்துவது உங்கள் இஷ்டம். ஆனால் அதற்கு என்னிடம் சான்றிதழ் கேட்டால் தரமாட்டேன்.

நீங்கள் பார்த்த செய்தியையே எடுத்துக்கொள்வோம். உயர் நீதிமன்றம் கெடு வைத்த பிறகு, 2025 ஜனவரி முதல் தேதி இரவு, 337 டன் கழிவு 12 கன்டெய்னர் லாரிகளில் போபாலை விட்டுக் கிளம்பியது. பீதம்பூரில் ஜனங்கள் தெருவில் இறங்கினார்கள், இரண்டு பேர் தீக்குளிக்க முயன்றார்கள். அப்புறம் சோதனை ஓட்டங்கள் நடந்தன. ஜூன் கடைசியில் எல்லாவற்றையும் எரித்து முடித்தார்கள். இதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை.

சரி, அந்த 337 டன் என்பது என்ன? வளாகத்தில் மேலாகக் கிடந்ததை 2005 வாக்கில் கூட்டி அள்ளி, மூட்டை கட்டிக் கொட்டகையில் பூட்டி வைத்தார்களே, அதுதான். மண்ணுக்குள் இறங்கியது அந்தக் கணக்கில் வராது. அரசாங்கமே கேட்டு வாங்கிய 2010ஆம் வருட ஆய்வறிக்கை, மாசுபட்ட மண் சுமார் 11 லட்சம் டன் இருக்கும் என்றது. இரண்டும் ஒரே சரக்கு இல்லைதான். இருந்தாலும் வகுத்துப் பாருங்கள், மூவாயிரத்தில் ஒரு பங்குகூட வராது. ஆலையைச் சுற்றியிருக்கும் குடியிருப்புகளுக்கு நல்ல தண்ணீர் கொடுங்கள் என்று உச்ச நீதிமன்றம் 2004இல் சொன்னதும் இந்த மண்ணுக்கடியில் ஊறும் தண்ணீரால்தான். ஆக, ‘போபால் கழிவு எரிக்கப்பட்டது’ என்பது சரியான செய்தி. ‘போபால் சுத்தமாகிவிட்டது’ என்று அதைப் படித்தவர் புரிந்துகொள்வது தவறு. இந்த இரண்டுக்கும் நடுவில் யாரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல்.

இது எப்படி நடக்கிறது என்று எனக்குத் தெரியும், நானே செய்திருக்கிறேன். சில வருடம் ஒரு நாளிதழில் இரவு டெஸ்க்கில் இருந்தேன். ஒரு தொழிற்சாலையில் வாயுக் கசிவு. ஏஜென்சி செய்தி ஆறு பத்தி வந்தது. முதல் ஐந்தில் அதிகாரிகள், ‘காற்றில் அளவு வரம்புக்குள்தான், அச்சப்பட வேண்டாம்’. ஆறாவதில், அளவெடுக்கும் கருவி வந்து சேர்ந்ததே கசிந்து பல மணி நேரம் கழித்துத்தான் என்று ஒரு வரி. பக்கத்தில் விளம்பரம் ஒன்று திடீரென்று பெரிதானது. செய்தியை எப்போதும் கீழிருந்துதான் வெட்டுவார்கள், நானும் வெட்டினேன். கம்பெனியிலிருந்து எனக்கு யாரும் போன் செய்யவில்லை, கவரும் வரவில்லை. பக்கம் முடிக்க இருபது நிமிடம் இருந்தது, அவ்வளவுதான்.

உங்கள் நண்பர் சொல்வதற்கு வருகிறேன். ‘பத்திரிகைகள்’ என்று மொத்தமாகச் சொல்லும்போது ராஜ்குமார் கேஸ்வானியையும் சேர்த்துத் திட்டுகிறோம். போபால்காரர். ஆலையில் வேலை பார்த்த நண்பர் ஒருவர் 1981 டிசம்பரில் பாஸ்ஜீன் வாயுவுக்குப் பலியான பிறகு இவர் துருவ ஆரம்பித்தார். 1982இல் தன்னுடைய சின்ன வார இதழான ‘ரபட்’டில், எரிமலையின் வாயில் உட்கார்ந்திருக்கிறது போபால் என்று எழுதினார். யாரும் சட்டை செய்யவில்லை. 1984 ஜூனில் மறுபடி எழுதினார், இந்த முறை ‘ஜன்சத்தா’வில். அது சின்னப் பத்திரிகை இல்லை, டெல்லியிலிருந்து வந்த பெரிய இந்தி நாளிதழ். நீங்கள் சொல்லும் அதே மெயின்ஸ்ட்ரீம். ஆறு மாதம் கழித்து, டிசம்பர் 2 நள்ளிரவு, தண்ணீர் புகுந்து கொதித்த தொட்டியிலிருந்து மீத்தைல் ஐசோசயனேட் என்கிற அந்த விஷவாயு வெளியேறியபோது குளிரூட்டும் இயந்திரம் நிறுத்தப்பட்டுக் கிடந்தது. வாயுவை எரிக்க வேண்டிய கோபுரமும் வேலை செய்யவில்லை. செய்தி முன்னாலேயே வந்திருந்தது சார், அச்சில், தேதியோடு. அதற்காக கேஸ்வானிக்கு அப்புறம் விருதெல்லாம் கொடுத்தார்கள்.

நம்பாமல் இருப்பதைக் குறையாகச் சொல்லவில்லை. அதே டிசம்பர் 16இல் இருந்து, ஆலையில் மிச்சமிருந்த வாயுவைப் பூச்சிமருந்தாக மாற்றித் தீர்க்க அரசு முடிவு செய்தது. அதற்கு வைத்த பெயர் ‘ஆபரேஷன் ஃபெயித்’. நம்பிக்கை! வேலியில் ஈரச் சாக்கு கட்டினார்கள், மேலே ஹெலிகாப்டர் தண்ணீர் தெளித்தது, முதல்வர் அர்ஜுன் சிங்கே ஆலைக்குள் போய் உட்கார்ந்தார். ஜனங்கள் மூட்டை முடிச்சோடு லட்சக்கணக்கில் ஊரைக் காலி செய்தார்கள். அந்த முறை ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் ஓடியவர்களை முட்டாள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. இரண்டு வாரம் முன்னால் பிணம் தூக்கியவர்கள் அவர்கள்.

உங்களுடைய அவநம்பிக்கை அந்த ரகம் இல்லை, கோபிக்காதீர்கள். டிவியை நம்பாத நீங்கள் அனுப்பியவர் பெயர்கூட இல்லாத ஃபார்வர்டை நம்பலாமா என்று யோசிக்கிறீர்கள். சாவு எண்ணிக்கையையே பாருங்கள். ஆரம்பத்தில் அரசு சொன்னது 2,259. பிறகு மாநில அரசின் கணக்கு 3,787. நஷ்டஈடு கொடுத்த கணக்கில் 5,295. பாதிக்கப்பட்டோர் அமைப்புகள் இருபதாயிரத்துக்கும் மேல் என்கின்றன. எந்த எண் வந்தாலும், யார் எண்ணினார்கள், எந்தத் தேதி வரைக்கும் என்று தேடுங்கள். அநேகமாக அது செய்தியின் அடியில்தான் இருக்கும், என்னைப் போல ஒருவன் வெட்டாமல் விட்டிருந்தால்.

எரித்ததில் மிஞ்சிய சாம்பல் நூற்றுக்கணக்கான டன், அதை எங்கே புதைப்பது என்பது தனி வழக்கு. அது பற்றி உள்பக்கத்தில் எங்காவது நாலு வரி வரும். பேப்பரை மறுபடி போடச் சொன்னால், அதைக் கத்தரித்து எனக்கும் அனுப்புங்கள்.