ரூ.48,000 விலையில் ஒரு சமையல் கத்தி: வாங்கலாமா?

கேள்வி: காரைக்குடியில் பன்னிரண்டு ஆண்டுகளாகச் சமையல் ஒப்பந்தம் எடுத்து நடத்தி வருகிறேன். சுற்றுவட்டார ஊர்களில் கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம்), காதுகுத்து என மாதம் ஆறேழு விசேஷங்கள் வருகின்றன. மளிகையைக் கடனுக்கு வாங்கி, விசேஷப் பணம் வந்ததும் அடைப்பது வழக்கம். ஜப்பானில் கைவேலையாகச் செய்த கத்தி ஒன்று ரூ.48,000-க்குக் கிடைக்கிறது. காலத்துக்கும் உழைக்கும், பின்னாளில் பழம்பொருளாகவும் விலைபோகும் என்கிறார்கள். கிரெடிட் கார்டில் 12 மாதத் தவணையாக வாங்கலாமா?

பதில்: வேண்டாம் என்பதே என் பதில். நல்ல கருவியின் மீது தொழிலாளிக்கு இருக்கும் ஆசையை நான் மதிக்கிறேன். ஆகவே காரணங்களைக் கணக்கோடு சொல்வது என் கடமை.

அந்தக் கத்தி ஏமாற்றுப் பொருள் அல்ல. ஒசாகா பக்கத்துச் சாகாய் நகரிலும், கிஃபு மாகாணத்துச் செகி நகரிலும் பல தலைமுறைகளாகக் கத்தி அடித்து வருகிறார்கள். ஜெர்மனியின் சோலிங்கன் கத்திகள், எஃகின் கடினத்தைச் சொல்லும் ராக்வெல் அளவில் 56 முதல் 58 வரை கடினம் கொண்டவை என்றால், உயர்தர ஜப்பானியக் கத்திகள் 60-ஐத் தாண்டுகின்றன. அதனால் விளிம்பை மிக மெல்லியதாகத் தீட்ட முடிகிறது, கூர்மையும் நெடுநாள் நிற்கிறது. ஆனால் ஒரு விலைக்கு மேல் கூடும் பணம் வெட்டும் திறனுக்காகப் போவதில்லை. முழுக் கத்தியையும் ஒரே எஃகில் அடித்து, களிமண் பூசித் தோய்த்தெடுக்கும் ஹோன்யாகி முறையில், தோய்க்கும்போதே பல கத்திகள் விரிசல் கண்டு வீணாகின்றன. அந்தச் சேதாரமும் தேறி வந்த கத்தியின் விலையில்தான் ஏறுகிறது. டமாஸ்கஸ் எனப்படும் அலையலையான கோலமும் பெரும்பாலும் மேற்புறத் தகட்டில்தான் இருக்கிறது. வெட்டுவது உள்ளே இருக்கும் எஃகு.

இனி உங்கள் சமையற்கூடத்தைப் பார்ப்போம். செட்டிநாட்டுச் சமையலில் வெட்டுவேலையின் பெரும்பகுதி சின்ன வெங்காயமும் பூண்டும் தக்காளியும்தான். அதையும் உங்கள் உதவியாளர்கள் அரிவாள்மனையில் உட்கார்ந்து முடித்துவிடுவார்கள். ஆட்டுக்கறி கடையிலேயே துண்டாகி வருகிறது. நாட்டுக்கோழியை எலும்போடு வெட்டும்போது அந்தக் கடினமான மெல்லிய விளிம்பு பல்லுப்பல்லாகப் பெயர்ந்துவிடும். கடினம் கூடக்கூட எஃகின் உடையும் தன்மையும் கூடுகிறது. அந்த வேலைக்குத் தடித்த வெட்டுக்கத்திதான் சரி. உங்கள் மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி, அரிவாளுக்கே பெயர் பெற்ற ஊர். மேலும், துருப்பிடிக்காத எஃகாக இல்லாமல் கார்பன் எஃகாக இருந்தால், வாழைப்பூக் கறையிலும் புளியிலும் எலுமிச்சையிலும் அது கறுக்கும். ஒவ்வொரு முறையும் உடனே கழுவித் துடைக்க வேண்டும். தெருவில் சக்கரத்தில் சாணை பிடிப்பவரிடமும் கொடுக்க இயலாது, விளிம்பு சூடேறிப் பதம் போய்விடும். நீரில் நனைத்துத் தீட்டும் 1000, 6000 எண் கற்களில் (எண் கூடினால் கல் நுண்மையானது) நீங்களே தீட்டப் பழக வேண்டும். இருநூறு இலைக்குச் சமைக்கும் அவசரத்தில், கை மாறிப் புழங்கும் கருவிக்கு இத்தனை கவனம் யாரால் செலுத்த முடியும்?

தவணைக் கணக்குக்கு வருவோம். ஆண்டு வட்டி 16 விழுக்காடு என்று வைத்தால் மாதத் தவணை சுமார் ரூ.4,355 ஆகும். மொத்த வட்டி ஏறக்குறைய ரூ.4,260, அதன் மீது 18 விழுக்காடு ஜிஎஸ்டியும் சேர்ந்தால் கத்தியின் விலை ரூ.53,000-ஐத் தொட்டுவிடும். விசேஷப் பணம் தாமதமாகி ஒரு மாதம் தவறினால் அபராதத்தோடு, மாதம் 3 விழுக்காட்டுக்கு மேல் வட்டியும் ஏறலாம். வட்டியில்லாத் தவணை என்று சொன்னாலும், ரொக்கத்துக்குக் கிடைக்கும் தள்ளுபடி பறிபோகிறதா, செயலாக்கக் கட்டணம் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி மளிகைக் கடனைப் பற்றியது. அந்தத் தவணைத் தொகையையே மாதாமாதம் தனியே எடுத்து வைத்தால், பதினொரு மாதத்தில் ஏறக்குறைய ரூ.48,000 சேர்ந்துவிடும். அதைக் கொண்டு மளிகையை ரொக்கத்துக்கு வாங்கி, வசூலானதும் பணத்தை மீண்டும் அதே இடத்தில் வையுங்கள். அந்தப் பணம் மாதம் ஒருமுறை முழுதாகச் சுழன்று, கடைக்காரர் ரொக்கத்துக்கு 2 விழுக்காடு குறைத்தாலே மாதம் ரூ.960, ஆண்டுக்கு ரூ.11,520 மிஞ்சும், அதாவது 24 விழுக்காடு வருமானம், முதலும் கரையாமல் அப்படியே இருக்கும். எந்த வங்கி வைப்பும் இதைத் தராது. கடைக்காரரிடம் இந்த வாரமே பேசிப் பாருங்கள்.

பழம்பொருள் என்ற பேச்சை நம்ப வேண்டாம். உங்கள் ஊர் முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் விலைபோவன பர்மாத் தேக்குத் தூண்களும் பழைய பீங்கான் பூச்சுப் பாத்திரங்களும். அவை இனிப் புதிதாகச் செய்யப்படாதவை. கத்தியோ ஒவ்வொரு தீட்டலிலும் தேய்கிறது, புழங்கிய கத்தியை நல்ல விலைக்கு வாங்குவார் நம் பக்கத்தில் இல்லை. ஐந்தொகைக் கணக்கு எழுதிப் பழகிய ஊர் உங்களுடையது. அதில் இது செலவுப் பக்கத்தில்தான் நிற்கும். விற்றுமுதலில் 8 அல்லது 6 விழுக்காட்டை இலாபமாகக் காட்டும் உத்தேச வரிமுறையில் நீங்கள் இருந்தால், இந்தச் செலவுக்கென்று தனியாக வரிக்கழிவும் கிடையாது.

இப்போதைக்கு ரூ.5,000 அளவில் துருப்பிடிக்காத எஃகுக் கத்தி ஒன்றும், ஒரு 1000 எண் கல்லும் வாங்கித் தீட்டப் பழகுங்கள். மளிகைத் தள்ளுபடியில் மிஞ்சுவதைத் தனிக் கணக்கில் போட்டு வந்தால் நான்கு ஆண்டுகளில் ரூ.46,000 சேரும். அன்றும் அந்த ஜப்பானியக் கத்தி மீது மனம் இருந்தால், தீட்டும் கையும் உங்களுக்கு வந்திருந்தால், ரொக்கமாக வாங்கிக்கொள்ளுங்கள்.