வெளிநாட்டுப் பயணம்: எந்தப் பணத்தை முதலில் கட்டுவது, எதைக் கடைசியில்?

கோடை விடுமுறைப் பயணம் பற்றிய கடிதங்கள் இப்போதே வரத் தொடங்கிவிட்டன. பெரும்பாலானவை ஒரே இடத்தில் வந்து முட்டுகின்றன: பணத்தைக் கட்டிவிட்டு, அப்புறம்தான் விவரம் கேட்கிறோம். அதனால் இந்த வாரம் முழுக்க வெளிநாட்டுப் பயணக் கேள்விகளுக்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: ஏற்காட்டில் சிறிய காபித் தோட்டம் வைத்திருக்கிறோம். காபிப் பழமும் மிளகும் பறித்து முடிந்ததும் நானும் என் மனைவியும் ஐரோப்பா போய்வர ஆசைப்படுகிறோம். சேலத்தில் ஒரு ஏஜென்ட் '10 நாள், 7 நாடு' என்று ஒரு பேக்கேஜ் காட்டுகிறார். இருவருக்கும் சேர்த்து 5 லட்சத்துக்கு மேல் ஆகிறது. இந்த வாரமே முழுப் பணத்தையும் கட்டினால் தலைக்கு 15,000 ரூபாய் தள்ளுபடி என்கிறார். கட்டலாமா ஐயா?
– வாசகர், ஏற்காடு

பதில்: இந்த வாரம் முழுப் பணத்தையும் கட்டாதீர்கள். விசா கைக்கு வரும் முன்பு, திரும்பி வராத பெரிய தொகை எதையும் கையை விட்டு விடக் கூடாது. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் சேர்த்து ஒன்றாகத் தரும் ஷெங்கன் விசாவின் கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ. 2024 ஜூனில் உயர்த்தப்பட்டது. விசா மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா மறுக்கப்பட்டால் அந்தப் பணம் போனது போனதுதான். அதைத் தாங்கிக்கொள்ளலாம், 5 லட்சத்தைத் தாங்க முடியாது. "விசா கிடைக்காவிட்டால் எவ்வளவு பிடிப்பீர்கள்?" என்று ஏஜென்டிடம் நேராகக் கேளுங்கள். அவர் வாயால் சொல்வது போதாது, மின்னஞ்சலிலாவது எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்குகிறார் என்றால் 15,000 தள்ளுபடியை மறந்துவிட்டு வேறு ஆளைப் பார்க்கலாம்.

பயணத் தேதிக்கு 6 மாதம் முன்பிருந்தே விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். கடைசிக் கெடு 15 நாள். ஆனால் கோடைக்கு முன் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே பெரும்பாடு என்பதால் சீக்கிரம் தொடங்குங்கள். முதல் தடவை என்றால் கைரேகை வைக்க இருவரும் நேரில் சென்னைக்குப் போக வேண்டும். ஏற்காடு எக்ஸ்பிரஸில் இரவு சேலத்தில் ஏறினால் விடியுமுன் சென்ட்ரலில் இறங்கிவிடலாம். ஒருமுறை வைத்த கைரேகை 59 மாதம் வரை செல்லும். எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விசா கேட்க வேண்டும். எல்லாம் சமமாக இருந்தால் முதலில் காலடி வைக்கும் நாட்டிடம். 'வேறு நாட்டில் சுலபமாகக் கிடைக்கும், அங்கே போட்டுவிடலாம்' என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பயணத் திட்டமும் விண்ணப்பமும் ஒத்துப்போகாமல் மறுப்பு வந்தால், அது உங்கள் பெயரில்தான் பதிவாகும்.

இனி அந்த '10 நாள், 7 நாடு'. புறப்படும் நாளையும் திரும்பும் நாளையும் பெரும்பாலும் அந்தப் பத்திலேயே சேர்த்துவிடுவார்கள். ஆக, கையில் இருப்பது 8 நாள். ஏழு நாடுகளில் லிச்டென்ஸ்டைன் இருக்கிறதா பாருங்கள். தலைநகர் வாடுஸில் பஸ் நிற்கும், இறங்கிப் படம் எடுத்துக்கொண்டு ஏறுவீர்கள், ஒரு நாடு கணக்கில் சேர்ந்துவிடும். ஆம்ஸ்டர்டாமிலிருந்து பாரிஸ் சுமார் 500 கி.மீ. வெனிஸிலிருந்து ரோம் இன்னும் கொஞ்சம் அதிகம். இப்படி இரண்டு மூன்று நாள் வந்தால் பாதிப் பயணம் பஸ் சன்னலில் கழிந்துவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி பஸ் ஓட்டுநர் ஒரு நாளில் 9 மணி நேரம்தான் வண்டி ஓட்டலாம். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10 மணி நேரம். தொடர்ந்து நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட இடைவெளி கட்டாயம். நம்மூர் டூரிஸ்ட் வண்டி போல 'இன்னும் ஒரு கோயில் பார்த்துவிட்டுப் போகலாம்' என்று டிரைவரைக் கேட்க முடியாது. பகலில் நீண்ட தூரப் பயணம், மாலையில் ஊர் சுற்றல் என்று ஒரே நாளில் இரண்டும் போட்டிருந்தால் இரண்டாவதை நம்பாதீர்கள்.

திட்டத்தில் ஒவ்வொரு இடத்துக்கும் எதிரே என்ன எழுதியிருக்கிறது என்று விரல் வைத்துப் படியுங்கள். 'போட்டோ ஸ்டாப்' என்றால் உள்ளே நுழைவு கிடையாது. ஐஃபெல் கோபுரம் என்றால் இரண்டாம் தளம் வரையா, உச்சி வரையா? சுவிட்சர்லாந்தில் டிட்லிஸ், யுங்ஃபிராவ் மலைகள் இரண்டும் உண்டா, ஒன்றுதானா? 'வெனிஸில் தங்கல்' என்பது பெரும்பாலும் கடலுக்கு இந்தப் பக்கம் இருக்கும் மெஸ்ட்ரேயில் இருக்கும். அது தவறில்லை, விலை குறைவு. ஆனால் முன்கூட்டித் தெரிந்திருக்க வேண்டும். ஹோட்டல் பெயரும் முகவரியும் கேளுங்கள். இத்தாலியில் பல ஊர்களில் ஒவ்வொரு இரவுக்கும் நகர வரி உண்டு, ஹோட்டலிலேயே கட்ட வேண்டியிருக்கும். டிப்ஸ், 'விருப்பச் சுற்றுலா' என்று அங்கே போய்க் கட்ட வேண்டியவற்றையும் கூட்டினால்தான் உண்மையான விலை தெரியும்.

என் கருத்தைக் கேட்டால், ஏழு நாட்டை மூன்றாக்குங்கள். பாரிஸிலிருந்து ஜூரிச்சுக்கு ரயிலில் நாலு மணி நேரத்துக்குச் சற்று மேல். ஜூரிச்சிலிருந்து மிலனுக்கு மூன்றரை மணி அளவில், அதுவும் ஆல்ப்ஸ் மலைக்கு அடியில் 57 கி.மீ. நீளமுள்ள கோட்ஹார்ட் சுரங்கம் வழியாக. மூன்று ஊரில் மும்மூன்று இரவு தங்கினால் பெட்டியைத் தினம் கட்டி அவிழ்க்க வேண்டாம். காபித் தோட்டத்தில் மலையேறிப் பழகிய கால்கள் உங்களுடையவை. சுவிஸ் மலைப் பாதையில் ஒரு நாள் நிதானமாக நடந்து பாருங்கள்.

பில்லில் டி.சி.எஸ். என்று ஒரு தொகை இருக்கும். அது ஏஜென்டுக்குப் போவதில்லை, உங்கள் பான் எண்ணில் வரவு வைக்கப்படும் வரி. விகிதத்தைப் பட்ஜெட்டில் மாற்றுகிறார்கள் என்பதால் கட்டும் தேதியில் எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். வருமான வரித் துறைத் தளத்தில் உங்கள் கணக்கில் அது ஏறியிருக்கிறதா என்று பார்த்து, கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். விவசாய வருமானம் மட்டும்தான், வரியே கட்டுவதில்லை என்றாலும் ரிட்டர்ன் தாக்கல் செய்தால்தான் அந்தப் பணம் திரும்பும். தோட்டக்காரர்கள் பலர் இதை அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

கேள்வி: அம்மாப்பேட்டையில் பட்டுத் தறி வைத்திருக்கிறோம். வீட்டில் ஆறு பேரும் தைப்பூசத்துக்கு மலேசியா பத்துமலை போய், அப்படியே சிங்கப்பூரும் பார்த்துவிட்டு வரலாம் என்று இருக்கிறோம். தெரிந்தவர் ஒருவர் மலேசிய விசாவுக்குத் தலைக்கு 3,500 கேட்கிறார். பெங்களூரிலிருந்து டிக்கெட் திருச்சியைவிடத் தலைக்கு 2,000 குறைவாக இருக்கிறது. எங்கிருந்து போவது? நகை போட்டுக்கொண்டு போகலாமா?
– வாசகி, சேலம்

பதில்: மலேசிய விசாவுக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள் அம்மா. இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா வேண்டாம் என்று 2023 டிசம்பரில் தொடங்கிய சலுகை 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. அதற்குப் பிந்தைய தேதி என்றால் மட்டும் மலேசிய அரசின் குடிநுழைவுத் துறைத் தளத்தில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். இறங்குவதற்கு முந்தைய 3 நாளுக்குள் டிஜிட்டல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம். அதற்குப் பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அரசுத் தளம் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூருக்கு விசா உண்டு. கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர். அங்கீகாரம் பெற்ற ஏஜென்ட் வழியாகப் போடும்போது அவருடைய சேவைக் கட்டணம் சேரும். அங்கேயும் வருகை அட்டை இலவசம்தான். ஆறு பேருடைய பாஸ்போர்ட்டிலும் இன்னும் 6 மாதத்துக்கு மேல் ஆயுள் இருக்கிறதா என்று இன்றே எடுத்துப் பாருங்கள். பிள்ளைகளுடையதை முதலில் பாருங்கள். அவர்களுக்கு 5 ஆண்டுக்குத்தான் தருகிறார்கள்.

விமானத்துக்குத் திருச்சியே என்பேன். ஆறு பேருக்கு 12,000 மிச்சம் என்று தோன்றும். பெங்களூர் விமான நிலையம் நகரத்தைத் தாண்டி வடக்கே தேவனஹள்ளியில் இருக்கிறது. தொப்பூர் கணவாய், ஓசூர், அப்புறம் நகர நெரிசல் என்று தாண்டிப் போய்ச் சேர ஐந்து ஆறு மணி நேரம் ஒதுக்க வேண்டும். திருச்சி நாமக்கல், முசிறி வழியாகச் சுமார் 140 கி.மீ.தான். வண்டி வாடகை, டோல், டிரைவர் பேட்டா, வழிச் சாப்பாடு எல்லாவற்றையும் இரண்டு பக்கமும் எழுதிக் கூட்டிப் பாருங்கள், வித்தியாசத்தில் பெரும்பகுதி கரைந்துவிடும். திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு நேரடி விமானம் உண்டு. குறைந்த கட்டண விமானம் என்றால் கைப்பை 7 கிலோ. பெட்டிக்கும் சாப்பாட்டுக்கும் தனிக் காசு. முன்பதிவின்போதே பெட்டிக்குக் கட்டிவிடுங்கள், கவுன்டரில் கட்டினால் அதிகம்.

காமலாபுரத்தில் இருக்கும் சேலம் விமான நிலையத்திலிருந்து சென்னைக்குச் சிறிய விமானத்தில் போய், அங்கே வேறு டிக்கெட்டில் வெளிநாட்டு விமானம் ஏறலாமே என்றும் சிலர் கேட்டிருக்கிறார்கள். ஒரே பி.என்.ஆரில் இருந்தால் தாராளமாகப் போகலாம். தனித்தனி டிக்கெட் என்றால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் இரண்டாவது நிறுவனத்துக்குப் பொறுப்பில்லை, நீங்கள் வராமல் போனவர் ஆகிவிடுவீர்கள். அப்படி நடந்தாலும் சும்மா விட வேண்டாம். இந்திய விமான நிறுவனங்கள், அடிப்படைக் கட்டணம் திரும்பாத டிக்கெட்டானாலும், பயணம் செய்யாதவருக்கு அரசு வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் திருப்பித் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. கேட்காதவர்களுக்குத் தானாக வருவது அரிது.

தைப்பூசத்தையொட்டி, அதற்கு முன்பே கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோயிலிலிருந்து வெள்ளி ரதம் பத்துமலைக்குக் கிளம்பும். அந்த நாட்களில் சாலையில் வண்டி நகராது. கே.எல். சென்ட்ரல் நிலையத்திலிருந்து பத்துமலைக்கே ரயில் போகிறது, அந்தப் பாதைக்குப் பக்கத்தில் ஹோட்டல் பாருங்கள். படிகள் 272, பெரியவர்களுக்கு விடியற்காலைதான் தோது. ஹோட்டலை, இலவசமாக ரத்து செய்யும் வசதியோடு இப்போதே பிடித்துவையுங்கள். விலை கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் பரவாயில்லை.

நகை: தாலிச் சங்கிலி, இரண்டு வளையல் போதும். கனமான நகை கட்டாயம் வேண்டும் என்றால், புறப்படும்போது விமான நிலையச் சுங்க அதிகாரிகளிடம் நகையையும் பில்லையும் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது 'இது நான் கொண்டுபோனதுதான்' என்று நிரூபிக்க அதுதான் உதவும்.

கேள்வி: செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளி வியாபாரம் செய்கிறேன். வெளிநாட்டில் கார்டில் கட்டுவது நல்லதா, பணமாகக் கொண்டுபோவதா?

பதில்: இரண்டும் கொஞ்சம் கொஞ்சம். கடையில் கார்டைத் தேய்த்ததும் 'இந்திய ரூபாயில் கட்டுகிறீர்களா?' என்று மெஷின் கேட்கும். வேண்டாம் என்று சொல்லி அந்த நாட்டு நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். ரூபாய்க்கு அவர்கள் போடும் மாற்று விலை அநேகமாக எப்போதும் மோசமாகவே இருக்கும். பல வங்கிக் கார்டுகளில் அந்நியச் செலாவணிக்கு 3.5 சதவீதம் வரை கூடுதலாகப் பிடிப்பார்கள். நோட்டு மாற்ற, ரிசர்வ் வங்கி அங்கீகாரம் பெற்ற இடத்துக்கு மட்டும் போய் பில் வாங்குங்கள். 'கமிஷன் இல்லை' என்ற அறிவிப்பைப் பார்க்காதீர்கள். 'நான் இவ்வளவு ரூபாய் கொடுத்தால் கையில் எத்தனை டாலர் வரும்?' என்று இரண்டு இடத்தில் கேளுங்கள், விடை தெரிந்துவிடும்.

கேள்வி: லண்டனிலும் ஜெர்மனியிலும் இருக்கும் பேரப்பிள்ளைகளைப் பார்க்கப் போகிறோம். ஒரே விசா போதுமா? சேலத்து மாம்பழமும் நெய்யும் கொண்டுபோகலாமா? இருவருக்கும் சர்க்கரை, பிரஷர் உண்டு. – ஆத்தூர்

பதில்: போதாது. பிரிட்டனுக்குத் தனி விசா, ஜெர்மனிக்கு ஷெங்கன். ஜெர்மனிக்கு நெய், பால்கோவா, இறைச்சி எதுவும் கொண்டுபோக முடியாது, ஐரோப்பிய ஒன்றியத்தில் தடை. மாம்பழத்துக்குத் தாவர நலச் சான்று வேண்டும், பயணி கையோடு கொண்டுபோவது நடக்காது. மல்கோவா ஆசையைப் பேரன் ஊருக்கு வரும்போது தீர்த்துக்கொள்ளட்டும். போகும் வழியில் துபாயோ சிங்கப்பூரோ இறங்குவதாக இருந்தால் கசகசாவைப் பெட்டியில் வைக்கவே வைக்காதீர்கள். அங்கே அது தடை செய்யப்பட்ட பொருள், கைதுவரை போகும்.

இன்சூரன்ஸ் ஷெங்கனுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்போடு கட்டாயம். பிரீமியம் குறையட்டும் என்று சர்க்கரையையும் பிரஷரையும் மறைக்காதீர்கள். மறைத்தது தெரிந்தால் கிளெய்மை மறுத்துவிடுவார்கள், அங்கே ஒரு நாள் ஆஸ்பத்திரிச் செலவே இங்கே ஒரு வருட மருந்துச் செலவைத் தாண்டும். ஏற்கெனவே உள்ள நோய்க்கு எந்த நிலையில், எவ்வளவு தொகைவரை கொடுப்பார்கள் என்ற பகுதியை மட்டுமாவது மகனை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.

வாசகர் யோசனைகள்: மேட்டூரிலிருந்து ஒருவர், நாலு பேர் போனால் ஒவ்வொருவர் பெட்டியிலும் மற்றவர்களுக்கு ஒரு செட் உடுப்பு வைக்கச் சொல்கிறார்; ஒரு பெட்டி வராமல் போனாலும் அன்றைய நாள் ஓடும். அருமையான யோசனை. பெட்டி வராவிட்டால், வெளியே வரும் முன்பே அங்கேயே புகார் எழுதி நகல் வாங்குங்கள். சேதம் என்றால் 7 நாளுக்குள், தாமதம் என்றால் கைக்கு வந்த 21 நாளுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும் என்று நினைவூட்டிய ஓமலூர் வாசகிக்கும் நன்றி.

கேள்வி: ஒரு டூர் நிறுவனத்திடம் 80,000 முன்பணம் கட்டினோம். ஆள் சேரவில்லை என்று அவர்களே பயணத்தை ரத்து செய்துவிட்டு, 'அடுத்த வருடம் கழித்துக்கொள்ளலாம்' என்கிறார்கள். அவர்கள் அலுவலகம் மும்பையில். நாங்கள் என்ன செய்ய முடியும்?
– வாசகர், அஸ்தம்பட்டி

பதில்: அவர்களே ரத்து செய்துவிட்டு, உங்கள் சம்மதம் இல்லாமல் பணத்தை அடுத்த வருடத்துக்குத் தள்ளுவது சேவைக் குறைபாடு என்று வாதாட உங்களுக்கு நல்ல இடமிருக்கிறது. மும்பைக்கு அலைய வேண்டாம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே, அதாவது சேலம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்து 2 ஆண்டுக்குள் போட்டாக வேண்டும். நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம்.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள், பல விஷயங்கள் அங்கேயே முடிகின்றன. கூடவே ஸ்பீடு போஸ்ட்டில் ஒரு நோட்டீஸ்: கட்டிய தேதி, தொகை, ரத்து என்று அவர்கள் சொன்ன தேதி, 15 நாளுக்குள் முழுப் பணமும் வேண்டும் என்ற வரி. ரசீது, வங்கிக் கணக்கு விவரம், அவர்கள் அனுப்பிய வாட்ஸ்ஆப் செய்தி எல்லாவற்றையும் பிரின்ட் எடுத்து ஒரு ஃபைலில் போடுங்கள். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் அந்தப் பணத்தைத் திருப்பக் கோரி இன்றைக்கே வங்கிக்கும் எழுதிக் கொடுங்கள், அதற்குக் கெடு குறைவு.